ஆறாவது குழாயின் நிறம்

என் நைனாவின் ரத்தத்தை ஏறக்குறைய ஒரு வருடம் மாதம் தவறாமல் பார்த்துவந்தேன். அதில் இருந்தது எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவதுகூட என்னை நானே காப்பாற்றிக்கொள்ளும் வேலைதான். அது கண்ணெதிரே வந்து நின்றது, நான்தான் வேறு பெயர் வைத்து அனுப்பிவிட்டேன்.

நான் திருப்பதியில் ஒரு ஆய்வகத்தில் பிஎச்டி செய்கிறேன். வீடு நகரியில். நைனா, என் அப்பா, அங்கே சைசிங் பட்டறையில் இருந்தார். தறியில் ஏறும் முன் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற இடம் அது. என் வேலை தங்கத்தோடு. நகைக்கடைத் தங்கம் இல்லை. தங்க உப்பைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, சிட்ரேட் என்கிற ஒரு புளிப்பு உப்பைச் சேர்த்தால், கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள் உருவாகும். தண்ணீர் முதலில் கறுத்து, பிறகு மாதுளைச் சாறு போலச் சிவக்கும். அந்தச் சிவப்பு இருக்கும்வரை துகள்கள் தனித்தனியாக மிதக்கின்றன என்று அர்த்தம். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டினால் நிறம் ஊதாவாகிவிடும்.

முதல் முறை அதைப் பார்த்தபோது நைனா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். "தங்கத்தத் தண்ணியில கரச்சி வெச்சிக்கினு கீறீங்க. எங்க வூட்டுப் பொண்ணு காதுல ஒரு கம்மலுக்கு வழியக் காணோம்" என்றார். பக்கத்தில் நின்ற எங்கள் சார், என் ஆய்வு வழிகாட்டி, தெலுங்குக்காரர். அவருக்குப் புரியவில்லை. புரியாதது நல்லது என்று இருந்துவிட்டேன்.

அந்தத் துகளை ரத்தத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் என் கேள்வி. துகள் ரத்தத்துக்குள் போன நொடியே புரதங்கள் வந்து அதன் மேல் ஒட்டிக்கொள்ளும். எது ஒட்டும், எவ்வளவு ஒட்டும் என்பதைத் துகளின் மேற்பரப்பு தீர்மானிக்கிறது. அது எதிர்மின் சுமை கொண்டதா, நேர்மின் சுமை கொண்டதா, தண்ணீரை விரும்புமா, விரட்டுமா, அதன்மேல் என்ன பூச்சு இருக்கிறது, இவ்வளவும் சேர்ந்துதான் முடிவு. கூட்டமாக இருக்கிற புரதம் முதலில் ஓடிவந்து இடம்பிடிக்கும். பிறகு, மெதுவாக வந்தாலும் பிடி இறுக்கமான இன்னொன்று அதைத் தள்ளிவிட்டு உட்காரும். புத்தூரில் ரயில் நிற்கும்போது ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம்பிடிப்பவர் ஒருவர், ரேணிகுண்டா வரும்போது அதில் உட்கார்ந்திருப்பவர் வேறொருவர். உடம்பு அதற்குப் பிறகு தங்கத்தைப் பார்ப்பதில்லை. தங்கத்தின்மேல் இருக்கும் புரதச் சட்டையைத்தான் பார்க்கிறது.

இதை நைனாவுக்குச் சொன்னபோது ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். "அப்போ நூலுக்குக் கஞ்சி போடற மாதிரிதான். கஞ்சி சரியா ஏறலன்னா நூலு ஒண்ணோட ஒண்ணு சிக்கிக்கும். தறி நின்னுடும்." ஆமாம் நைனா, அப்படியேதான் என்றேன். அந்த ஒப்புமை எங்கள் இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. அதுதான் எங்களைக் கவிழ்த்தது.

பரிசோதனைக்கு ஆரோக்கியமானவர்கள் பத்துப் பேரின் ரத்தம் வேண்டும், மாதம் ஒரு முறை, வெறும் வயிற்றில். சாப்பிட்டவர் ரத்தத்தில் கொழுப்பு மிதந்து கலங்கலாக இருக்கும். ஒன்பது பேர் ஹாஸ்டல் மாணவர்கள். வெறும் வயிறு என்று சத்தியம் செய்வார்கள், விரலில் சட்னி வாசனை அடிக்கும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பத்தாவது ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தபோதுதான் நைனாவின் நினைவு வந்தது.

நைனாவுக்குச் சனிக்கிழமை ஒருபொழுது. விவரம் தெரிந்த நாளிலிருந்து விட்டதில்லை. மாதத்தின் முதல் சனிக்கிழமை நகரியில் ரயிலேறித் திருப்பதி வந்து, மலையடிவாரத்து அலிபிரியில் கற்பூரம் ஏற்றிவிட்டு, மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுத் திரும்பிவிடுவார். சாயங்காலம் விளக்கேற்றும்வரை பச்சைத்தண்ணீர்தான். இதைவிட நம்பகமான வெறும் வயிறு ஆந்திராவில் எனக்குக் கிடைக்காது. ஒப்புதல் படிவத்தை நீட்டினேன். இது ஆராய்ச்சிக்கு மட்டும், மருத்துவப் பரிசோதனை இல்லை என்று அதில் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அச்சடித்திருந்தது. அவர் படிக்கவில்லை. பெற்ற பெண் நீட்டும் காகிதத்தை யார் படிப்பார்கள்? நெற்றியில் நாமத்தோடு சட்டைக்கையைச் சுருட்டிவிட்டு, "ஒண்ணும் துன்னல. எடுத்துக்கோ" என்றார்.

அவர் ஆறாம் எண். படிவத்தில் இருக்கும் பெயர் ஒரு அலமாரியில் பூட்டப்படும், குழாயில் எண் மட்டும்தான். அந்த எண் யாருடையது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மூன்றாம் மாதத்திலிருந்து எனக்கு அது எண்ணாகத்தான் இருந்தது.

ரத்தத்தைச் சுழற்றிச் சிவப்பணுக்களை ஒதுக்கியபின் மிஞ்சும் மஞ்சள் தெளிநீரில்தான் தங்கத்தைக் கலப்பேன், அதனால் குழாயில் தெரியும் சிவப்பு தங்கத்துடையது. முதல் மூன்று மாதம் பத்துக் குழாயும் சிவப்பு. நான்காம் மாதம் ஆறாவது குழாயின் சிவப்பில் லேசாக ஒரு மங்கல். ஐந்தாம் மாதம் அது ஊதாவாகிவிட்டது.

குழாய் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்தேன். கழுவி மறுபடி செய்தேன், ஊதா. தண்ணீரை மாற்றினேன், ஊதா. உப்பின் அளவைக் குறைத்தேன், அப்போதும் ஊதா. ஒட்டியிருந்த புரதங்களைத் துகளிலிருந்து கழற்றி, எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தேன். மற்ற ஒன்பதிலும் மெல்லிய கோடுகள் வரிசையாக விழுந்தன. ஆறாவதில் இரண்டு இடங்களில் மட்டும் மை கொட்டியதுபோலத் தடித்த பட்டைகள் இருந்தன. நோயை எதிர்க்க உடம்பு செய்யும் புரதம் உடைந்தால் விழும் இடங்கள் அவை. பாடப்புத்தகத்தில் படித்தவள்தான் நான். நோட்டில் பென்சிலால் 'அசுத்தமா?' என்று எழுதி, கேள்விக்குறியின்மேல் இரண்டு முறை கோடு இழுத்திருக்கிறேன். அந்தப் பக்கம் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

அந்த மாதம் நைனா கிளம்பாமல் நின்று குழாய் வரிசையைப் பார்த்தார். நூலின் நிறம் அரை இழை மாறினாலும் கண்டுபிடிக்கிற கண் அது. "எல்லாம் சேப்பா கீது. இது ஒண்ணு மட்டும் ஏன் பாப்பா ஊதாவா கீது?"

"அது ஒண்ணுமில்ல நைனா. கோட்டிங் சரியில்ல."

"அதான பாத்தேன்" என்று தலையாட்டினார். கஞ்சி போடுகிறவருக்கு அது போதுமான பதில். யாருடைய குழாய் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். நிரப்பி மறுபடியும் குடித்தார். விரத நாளில் இவ்வளவு தண்ணீரா என்று ஒரு கணம் தோன்றியது. வெயிலில் நடந்து வந்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எல்லாமே சின்னச் சின்னதாகத்தான் வந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது என்றார். பாவு உருளை தூக்குகிறவருக்கு இடுப்பு பிடிக்காமல் என்ன செய்யும்? திருப்பதி பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த மருந்துக்கடையில் வலி மாத்திரை நானே வாங்கித் தந்தேன், பட்டை பட்டையாக. ஒருநாள் அம்மா போனில், "படியேறி வந்து நாய் மாதிரி எளைக்கிறாரு. மூஞ்சி வெளுத்துக்கினு வருது. நீ கொஞ்சம் கேளேன்" என்றாள். கேட்டேன். "வயசு ஆவுதில்ல" என்றார். சட்டை தோளிலிருந்து தொங்கியது. சனிக்கிழமை ஒருபொழுதை விட்டுவிடச் சொன்னேன், அவர் காதில் வாங்கவே இல்லை. அந்த விரதம் எனக்கும் தேவைப்பட்டது. அதனால் இரண்டாம் முறை சொல்லவில்லை.

சாரிடம் ஆறாவது குழாயைக் காட்டினேன். நல்ல மனிதர். கூட்டத்தில் ஒருவர் மட்டும் இப்படி இருந்தால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை என்று நம்புகிறவர். "அவுட்லையர்மா இது. தீசேய்" என்றார். எடுத்துவிடு என்கிறார். எனக்கு எடுத்துவிட மனம் வரவில்லை. நைனாவுக்காக என்று சொன்னால் பொய். தோற்க மனமில்லை, அவ்வளவுதான். குற்றம் துகளின் மேற்பரப்பில் என்று முடிவு கட்டிவிட்டேன், மேற்பரப்பை மாற்றிக் காட்டுகிறேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன்.

ஐந்து மாதம் அதிலேயே போயிற்று. நேர்மின் சுமையுள்ள பூச்சு போட்டால் இன்னும் மோசம், பத்துமே கட்டி தட்டியது. கடைசியில் பெக் என்ற பூச்சைப் போட்டேன். தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் நீண்ட இழைகள் துகளைச் சுற்றிப் புல் மாதிரி நிற்கும். புரதம் கிட்டே வந்து ஒட்ட முடியாது. அந்தச் சனிக்கிழமை பத்துக் குழாயையும் வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அத்தனையும் சிவப்பு. ஆறாவதும்தான்.

குதித்தேன் என்றால் நம்ப மாட்டீர்கள், நிஜமாகவே குதித்தேன். சார் கைகொடுத்தார். துறைக் கருத்தரங்கில் பேசினேன், படம் காட்டினேன், கைதட்டினார்கள். எதையும் ஒட்டவிடாத பூச்சு என்றால் எதையும் காட்டாத பூச்சு என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான். நைனாவுக்குப் போன் போட்டு, "கோட்டிங் சரியாயிடுச்சி நைனா" என்றேன். அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். பட்டறையில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்.

அடுத்த மாதம் ஒரு காலையில் நைனா குளிக்கத் தண்ணீர் தூக்கினார். அரைக்குடம். பாதி வழியில் வலது மேல்கை எலும்பு உடைந்தது. விழவில்லை, இடிக்கவில்லை, அரைக்குடம் தண்ணீருக்கு உடைந்தது.

நகரிப் பக்கத்தில் எலும்பு முறிந்தால் யாரும் யோசிப்பதில்லை, புத்தூருக்குத்தான் போவார்கள். நான் திருப்பதியிலிருந்து நேரே அங்கே போய்ச் சேர்ந்தேன். கட்டுப் போடுகிற பெரியவர் கையைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். மூங்கில் சிம்பையும் பச்சிலை விழுதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கட்டாமல் மறுபடி தடவினார். விலா எலும்பில் ஒரு விரலை வைத்து லேசாக அழுத்தினார். நைனா பல்லைக் கடித்துக்கொண்டார்.

"எங்கியாச்சும் வுழுந்தியா?" என்றார் பெரியவர்.

"இல்லண்ணா. தண்ணி தூக்கினேன்."

"நல்ல எலும்பு தண்ணி தூக்குனா ஒடையாது. நான் இத கட்ட மாட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. மொதல்ல ரத்தத்தப் பாரு."

நைனா அந்த வலியிலும் சிரித்தார். இடது கையால் என்னைக் காட்டினார். "ரத்தத்துக்கு இன்னாண்ணா கவல? இதோ நிக்குதே, எம் பொண்ணு. மாசாமாசம் எம் ரத்தத்த எடுத்து மிஷின்ல வெச்சிப் பாக்குது. ஊர்ல ரத்தம் பாக்கற கேம்ப் போட்டாங்க, சும்மா பாக்கறோம் வான்னு கூப்ட்டாங்க. எம் பொண்ணே பாக்குது, நீங்க இன்னா பாக்கறதுன்னு வந்துட்டேன். எதுனா இருந்தா சொல்லியிருக்காதா?"

பெரியவர் என்னைப் பார்த்தார். கேம்ப் போட்டதும் எனக்குத் தெரியாது, அதற்கு நைனா போகாததும் தெரியாது. நான் அவருடைய ரத்தத்தைப் பார்க்கவில்லை, அவருடைய ரத்தத்தில் என் தங்கம் என்ன ஆகிறது என்று பார்த்தேன் என்பதை அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? நைனாவின் முகத்தில் பெருமை இருந்தது.

திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் டாக்டரம்மா ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பினார். ரத்தத்தின் புரதங்களைப் பிரித்து வரைந்த கோடு. மேடும் பள்ளமுமாகப் போகவேண்டிய கோட்டின் ஓரத்தில் ஆணி அடித்தது மாதிரி ஒரு முனை எழுந்து நின்றது. எலும்பு மஜ்ஜையில் புற்றுநோய் என்றார். ஒரே வகைப் புரதத்தைக் கணக்கில்லாமல் செய்துதள்ளும், எலும்பை அரிக்கும், சிறுநீரகத்தை அடைக்கும். வலி மாத்திரை நிறையச் சாப்பிட்டாரா என்று கேட்டார். சிறுநீரகம் அதனால் இன்னும் கெட்டிருக்கிறது என்றார்.

அந்த முனையைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. என் ஜெல்லில் மை கொட்டியதாக நினைத்த பட்டை அதுதான். அந்தப் புரதம் இரண்டு துகள்களை ஒருசேரப் பிடித்து இழுத்ததால்தான் என் தங்கம் கட்டி தட்டியது.

"இதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை ஏதாவது செய்திருக்கிறீர்களா? எப்போது ஆரம்பித்தது என்று தெரிந்தால் நல்லது" என்றார் டாக்டரம்மா.

"கீதும்மா, எம் பொண்ணு..." என்று நைனா ஆரம்பித்தார். நான் அவருடைய நல்ல கையைப் பிடித்து அழுத்தினேன். "இல்லை மேடம்" என்றேன். நைனா என் முகத்தைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார்.

அன்று மத்தியானமே ஆய்வகத்துக்குப் போனேன். ஒவ்வொரு மாத ரத்தத்தின் தெளிநீரிலும் கொஞ்சம் மிச்சம் எடுத்து உறைபெட்டியில் வைத்திருந்தோம். ஆறாம் எண்ணின் எல்லா மாதங்களையும் எடுத்து உருகவைத்தேன். பெக் பூச்சு இல்லாத பழைய தங்கம் ஒரு புட்டியில் இருந்தது. வரிசையாக ஊற்றி, எதிரே உட்கார்ந்தேன். மூன்று சிவப்பு. நான்காவது மங்கல். ஐந்தாவது ஊதா. அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் முன்னதைவிடக் கறுத்துக்கொண்டே போயிற்று. கடைசிக் குழாயில் நிறமே இல்லை, அடியில் கறுப்பாக ஒரு வண்டல் மட்டும். உறைபெட்டி உறுமிக்கொண்டே இருந்தது. அழுகை வரவில்லை, என்மேலேயே அருவருப்பு வந்தது. மறுநாள் டாக்டரம்மாவிடம் நோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து, பொய் சொன்னதைச் சொன்னேன். அவர் பக்கங்களைப் புரட்டினார். ஐந்தாம் மாதத்தில் விரல் நின்றது. "அப்போது வந்திருந்தால் கிட்னியைக் காப்பாற்றியிருக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நைனாவிடம் மட்டும் சொல்லவில்லை. புற்றுக்கான ஊசி ஆரம்பித்தார்கள், வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸும் ஆரம்பித்தது. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று நான்கு மாதம் ஓட்டினேன். அவரும் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருந்தது.

போன மாதம் முதல் சனிக்கிழமை, ஆய்வகக் கதவருகே நிழல் தெரிந்தது. நைனா. நெற்றியில் நாமம், கை தூளியில். கூட அம்மா. அலிபிரிக்குப் போயே தீருவேன் என்று அடம்பிடித்துக் கூட்டிவந்திருக்கிறார். அந்தக் குழாய்களை நான் கொட்டியிருக்கவில்லை. மேசைமேல் ஸ்டாண்டில் அப்படியே இருந்தன. அவர் நேரே அங்கேதான் போனார்.

"இதெல்லாம் யாருது?"

"உன்னுதுதான் நைனா. மாசாமாசம் எடுத்தது."

கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார். முதல் குழாயிலிருந்து ஒவ்வொன்றாக நகர்ந்தார். நான்காவதில் விரல் நின்றது. நான் பார்த்தும் பொருட்படுத்தாத அந்த மங்கலை அவர் கண் ஒரே நொடியில் பிடித்துவிட்டது.

"இங்க மாறுது."

"ஆமா."

"அன்னிக்கு ஊதாவா இருந்திச்சே ஒண்ணு. அது என்னுதா?"

"உன்னுதுதான்."

"கோட்டிங் சரியில்லன்னு சொன்ன?"

"கோட்டிங் சரியாத்தான் இருந்திச்சி நைனா" என்றேன். அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நைனா ஸ்டூலில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்ட வேண்டும் என்றும் இருந்தது. கடைசியில் நல்ல கையின் சட்டையைப் பல்லால் இழுத்துச் சுருட்ட ஆரம்பித்தார்.

"டாக்டரு விரதம் இருக்கக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க நைனா."

"ஒண்ணும் துன்னல. எடுத்துக்கோ" என்றார். "இந்த வாட்டி இன்னா கலர் வந்தாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லு."

ரத்தம் எடுக்கும் அக்காவைக் கூப்பிட்டேன். நரம்பு கிடைக்க நேரமாயிற்று. தெளிநீரைப் பிரித்து, பழைய தங்கத்தோடு குழாயில் ஊற்றி, வெளிச்சத்தில் வைத்தேன். நான்கு மாத ஊசி வேலை செய்திருந்தால் அது சிவப்பாக நிற்க வேண்டும். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். முதலில் சிவப்பாகத்தான் இருந்தது. பிறகு அடியிலிருந்து மங்கிக்கொண்டு வந்தது. அவர் குழாயைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊதா, நைனா" என்றேன்.